அரிவாளும் கணக்கேடும்: நாவலில் வன்முறையின் காரணத்தைத் தேடுதல்

1982-ல் பூமணியின் ‘வெக்கை’ வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் கார்மக் மெக்கார்த்தியின் ‘பிளட் மெரிடியன்’ வெளியானது. முன்னவர் கோவில்பட்டிப் பக்கத்து ஆண்டிபட்டியில் பிறந்து, கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தபடி எழுதியவர். பின்னவர் டெக்சாஸின் எல்லை நகரமான எல் பாசோவுக்குக் குடிபெயர்ந்து, ஸ்பானிய மொழி கற்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களைத் தோண்டி எழுதியவர். இருவருக்கும் இடையே தொடர்பு ஏதுமில்லை. ஆனாலும் இந்த இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஓர் ஒற்றுமை உறைக்கும்.

இரண்டிலும் நடுவில் நிற்பவன் ஒரு பையன். ‘வெக்கை’யின் சிதம்பரத்துக்கு வயது பதினைந்து. மெக்கார்த்தியின் பையனுக்குப் பெயர் கிடையாது. வீட்டைவிட்டு ஓடும்போது பதினான்கு. இரண்டு பேர் கையிலும் ரத்தம் படிகிறது. இரண்டு பேரும் வறண்ட நிலத்தில் அலைகிறார்கள். செய்ததை ஏன் செய்தார்கள் என்று எந்தக் கதைசொல்லியும் நமக்கு வகுப்பெடுப்பதில்லை. ஆனால் படித்து முடித்தபின் நாம் வந்து நிற்கும் இடங்கள் வேறு. ‘வெக்கை’யை மூடும்போது ஒரு கொலைசெய்த பையனுக்கு இனி என்ன ஆகுமோ என்று மனம் பதைக்கிறது. ‘பிளட் மெரிடியன்’ முடியும்போது மனிதப் பிறவியின் மேலேயே அச்சம் வருகிறது. ஏறத்தாழ ஒரே உத்தி எப்படி இரண்டு எதிர்த் திசைகளில் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது?

வன்முறைக்கான காரணத்தை ஒரு நாவல் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை அதில் வரும் கருத்துகளைவிட அதன் நடைதான் தெளிவாகக் காட்டுகிறது என்பது என் துணிபு. அந்த இடத்தைப் பிழையாகக் கண்டால் குற்றத்தின் பொறுப்பும் இடம் மாறிவிடும். இதைப் புத்தகம் படிக்கிறவர்களின் ரசனைச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் நாற்பத்துநான்கு பேர் எரிந்த வழக்கில் ஒரு நீதிமன்றமே இந்தப் பிழையைச் செய்திருக்கிறது.

தலைத்தோலின் விலை

‘பிளட் மெரிடியன்’ கற்பனையில் முளைத்த கதை அல்ல. ஜான் ஜோயல் கிளான்டன் என்பவன் தலைமையில் ஒரு கூலிப்படை 1849, 1850 ஆண்டுகளில் மெக்சிகோவின் வடக்கு மாகாணங்களில் உண்மையாகவே திரிந்தது. அபாச்சி மக்களின் தாக்குதலைச் சமாளிக்க முடியாத சிவாவா மாகாண அரசு, அவர்களைக் கொன்று தலைத்தோலை உரித்து வருபவர்களுக்குப் பணம் கொடுத்தது. தோலைப் பார்த்து அது போர்வீரனுடையதா, அமைதியாகப் பயிர்செய்து பிழைத்தவனுடையதா, மெக்சிகோ நாட்டுக் குடியானவனுடையதா என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆகவே கூலிப்படை எல்லோரையும் கொன்றது. அரசுக்கு விஷயம் தெரிந்தபோது கிளான்டன் தலைக்கே விலை வைக்கப்பட்டது. 1850 ஏப்ரலில் கொலராடோ ஆற்றுத் துறையில் யூமா மக்கள் அந்தப் படையை அழித்தார்கள். இந்தப் படையோடு திரிந்ததாகச் சொல்லும் சாமுவேல் சேம்பர்லின் எழுதிவைத்த தன்வரலாறுதான் மெக்கார்த்திக்கு முக்கியமான ஆதாரம். நாவலை ஆட்டிப்படைக்கும் நீதிபதி ஹோல்டனும் அந்தக் கையெழுத்துப் பிரதியிலிருந்து வந்தவர்தான்.

நாவலில் ஹோல்டன் ஏழடி உயரம்; உடம்பில் ஒரு மயிர் கிடையாது. பல மொழி பேசுவார், பிடில் வாசிப்பார், நடனமாடுவார். கந்தகம், கரி, வௌவால் எச்சத்திலிருந்து எடுத்த வெடியுப்பு ஆகியவற்றோடு மூத்திரத்தைச் சேர்த்துப் பிசைந்து எரிமலை விளிம்பில் வெடிமருந்து செய்து படையைக் காப்பாற்றுவார். வழியில் காணும் பறவை, பாறை ஓவியம், பழைய கவசம் ஆகியவற்றைத் தன் ஏட்டில் வரைந்துகொள்வார். வரைந்தபின் அசலை அழிப்பதும் உண்டு. போர் மனிதனுக்கு முன்பே இருந்தது, மனிதனுக்காகக் காத்திருந்தது என்று தீ மூட்டிய இரவுகளில் உபதேசிப்பார். இவர் யார் என்பதில் விமர்சகர்கள் பிரிந்து நிற்கிறார்கள். சாத்தான் என்பவர்கள் உண்டு. அறிவை ஆதிக்கமாக மாற்றிய ஐரோப்பிய நவீனத்துவத்தின் உருவம் என்பவர்கள் உண்டு. போருக்கே கிடைத்த உடல் என்பவர்களும் உண்டு.

இந்த வாசிப்புகள் எல்லாவற்றுக்கும் நாவலில் இடம் இருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் நீதிபதியின் பேச்சில் மயங்கி நின்றுவிடுகின்றன. வன்முறை பிரபஞ்ச விதி என்று அவர் சொல்வதை நாவலின் முடிவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதே நாவலில் ஆளுநர் மாளிகையில் விருந்து நடக்கிறது, தலைத்தோல்கள் எண்ணப்படுகின்றன, ஒரு தோலுக்கு 100 டாலர் என்று ஒப்பந்தம் இருக்கிறது. கொலைக்கான காரணம் ஆதி இருளில் புதைந்திருக்கவில்லை. அது அரசாங்கத்தின் செலவுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. கணக்கை ஒரு பக்கத்தில் காட்டிவிட்டு, அடுத்த ஐம்பது பக்கத்துக்கு வேதாகமத்தின் தாளத்தில் மலையையும் வானத்தையும் ரத்தத்தையும் மெக்கார்த்தி எழுதுகிறார். காரணத்தை நம் கண்முன்னே வைத்துவிட்டு, அதை நாம் மறந்துபோகும்படி செய்கிறது அந்த நடை.

எப்படிச் செய்கிறது? மேற்கோள் குறி இல்லை, காற்புள்ளி அரிது. ஒரு செயலை இன்னொன்றோடு ‘பிறகு’ என்றோ ‘அதனால்’ என்றோ இணைக்காமல், வெறும் உம்மைகளால் வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிறார். குதிரை நின்றது, ஒருவன் இறங்கினான், கிழவியைச் சுட்டான், தோலை உரித்தான், சூரியன் சாய்ந்தது: எல்லாம் ஒரே எடையில் வருகின்றன. காரண காரியத்தைச் சொல்லும் சொற்களை இலக்கணத்திலிருந்து எடுத்துவிட்டால், கொலை வானிலையைப் போல நிகழ ஆரம்பிக்கிறது. மழைக்கு யார் பொறுப்பு என்று எவரும் கேட்பதில்லை.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. பையனோடு தொடங்கும் நாவல், படுகொலைகள் உச்சத்தில் இருக்கும் நடுப்பகுதியில் அவனைக் கிட்டத்தட்டத் தொலைத்துவிடுகிறது. சவாரி செய்தவர்கள், சுட்டவர்கள், உரித்தவர்கள் எல்லாருமே ‘அவர்கள்’தான். அந்த ‘அவர்க’ளில் பையன் இருந்தானா, இருந்தால் அவன் கை என்ன செய்தது என்பது நமக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் தனித்து நின்ற சில கணங்கள் மட்டும். கூட்டாளியின் காலில் தைத்த அம்பை எவரும் எடுக்க முன்வராதபோது இவன் எடுக்கிறான். காயம்பட்ட ஒருவனைக் கொல்லும்படி சீட்டு இவனுக்கு விழுந்தபோது கொல்லாமல் விடுகிறான். பாலைவனத்தில் நீதிபதியைச் சுட வாய்ப்புக் கிடைத்தும் சுடுவதில்லை. உன் நெஞ்சின் ஒரு மூலையில் இரக்கத்தை ஒளித்துவைத்தாய் என்பதுதான் பின்னாளில் நீதிபதி அவன்மேல் வைக்கும் குற்றச்சாட்டு.

பலர் இந்த இரக்கத்தைப் பிடித்துக்கொண்டு பையனை நாவலின் மனசாட்சியாக ஆக்குகிறார்கள். அது அவசரமான முடிவு. இரக்கம் காட்டிய கணங்களில் ‘அவன்’ என்று தனித்துத் தெரிபவன், கொன்ற கணங்களில் ‘அவர்க’ளுக்குள் மறைந்துகொள்கிறான். நன்மை தனிமனிதனுக்கு, தீமை கூட்டத்துக்கு என்ற இந்தப் பங்கீட்டை நாவல் நம்மீது ஒரு சோதனையாக வைத்திருக்கிறது என்றே நினைக்கிறேன். நாம் எவ்வளவு சுலபமாக அவனை மன்னிக்கிறோம் என்பதுதான் அந்தச் சோதனை. 1878-ல், டெக்சாஸில் ஒரு கோட்டை ஊரில், நடுவயது ஆளாகிவிட்ட அவனை நீதிபதி மறுபடி சந்திக்கிறார். கழிப்பறைக்குள் என்ன நடந்தது என்பது சொல்லப்படுவதில்லை. முந்நூறுக்கு மேற்பட்ட பக்கங்களில் எதையும் மறைக்காமல் காட்டிய நாவல், இந்த ஒன்றை மட்டும் கதவுக்குப் பின்னால் வைக்கிறது. அதே இரவில் ஒரு சிறுமி காணாமல் போயிருக்கிறாள். நீதிபதியின் வேலையா, அவனுடைய வேலையா என்று வாசகர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள். வாதம் தீராமல் இருப்பதற்குக் காரணம், அவன் என்ன செய்யக்கூடியவன் என்பதை ‘அவர்கள்’ என்ற சொல் நமக்குக் காட்டாமலே வைத்திருந்ததுதான்.

கரிசலில் ஒரு கொலை

‘வெக்கை’ கொலையோடுதான் தொடங்குகிறது. கையை மட்டும் வெட்டுவது என்ற நினைப்போடு போன சிதம்பரத்தின் அரிவாள், அவன் குடும்பத்தின் எதிரியான வடக்கூரானின் விலாவிலும் பாய்ந்துவிடுகிறது. ஆள் செத்துவிடுகிறான். பையன் ஓடுகிறான். ஊரை விட்டு அய்யாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஓடையிலும் சில நாள் மறைந்து திரிந்து, கடைசியில் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படுவதுதான் கதை.

நோக்கத்துக்கும் விளைவுக்கும் நடுவே விழுந்த அந்தச் சிறிய விலகலை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது பூமணியின் துணிச்சல். இந்தப் பையன் கொலைவெறியன் அல்ல என்பதைக் கதைசொல்லி வாதாடி நிறுவவில்லை. அரிவாள் எங்கே இறங்க வேண்டும் என்று நினைத்தான், எங்கே இறங்கியது என்று உடலின் கணக்காகச் சொல்கிறார், அவ்வளவுதான். அவன் அண்ணன் நிலத்தகராறில் கொல்லப்பட்டிருக்கிறான், கொன்றவர்களுக்கு எதுவும் நேரவில்லை என்பதெல்லாம் பின்னால், போகிற போக்கில், அய்யாவும் மகனும் பேசிக்கொள்வதில் ஒன்றொன்றாக வருகின்றன. மறக்கவே முடியாத துயரத்தைப் பற்றி வீட்டு மனிதர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் விளக்கமாட்டார்கள்.

இங்கேதான் இரண்டு நாவல்களின் மௌனமும் பிரிகிறது. மெக்கார்த்தியின் கதைசொல்லி காரணத்தைச் சொல்லாதது, அது எங்கோ எட்டாத உயரத்தில் இருப்பதுபோலத் தோன்றவைக்கிறது. பூமணியின் கதைசொல்லி சொல்லாதது, ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால். ‘வெக்கை’யில் சாதிப் பெயர் வெளிப்படையாக வருவதில்லை என்பதைப் பலர் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதைப் பொதுமைப்படுத்தும் முயற்சி என்று படிப்பது சரியல்ல. யார் நிலத்தை யார் பிடுங்குவார்கள், யாருக்காகக் காவல் நிலையம் எழுந்து வரும் என்பதெல்லாம் அந்த மண்ணில் பெயர் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. தெரியாதவர் விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நாவல் வாசகரிடம் விட்டுவிடுகிறது.

கொலை ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக வருவது சாப்பாடு. எதைப் பிடிப்பது, எங்கே அடுப்புக் கூட்டினால் புகை தெரியாது, எந்தக் காய் தின்னலாம், எங்கே தண்ணீர் ஊறும் என்பவைதான் அய்யாவும் மகனும் பேசும் விஷயங்கள். சாகச நாவலுக்குப் பழகிய வாசகர் இந்தப் பகுதிகளைக் கதையின் தொய்வு என்று நினைக்கலாம். எனக்கு அவைதான் நாவலின் வாதம். மலையும் ஓடையும் பனையும் இவர்களுக்குத் தின்னவும் ஒளியவும் தருகின்றன. ஒவ்வொரு இடத்துக்கும் பெயரும் பழக்கமும் இருக்கின்றன. நிலத்தை இப்படி அறிந்தவர்களிடமிருந்து நிலத்தைப் பறிப்பது என்ன பொருள்படும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மெக்கார்த்தியின் பாலையில் எலும்பும் உப்பும் எரிமலைச் சாம்பலும்தான். அங்கே திரிபவர்களுக்கு அது யாருடைய வீடும் அல்ல. உண்மையில் அது அபாச்சி, யூமா மக்களின் வீடு. ஆனால் அந்த மக்களுக்கு நாவலில் குரல் இல்லை. நிலத்தை அறிந்தவர்கள் பேசாத நாவலில் நிலம் கொடூரமாகத்தான் தெரியும். ‘பிளட் மெரிடியனை’ எவ்வளவு வியந்தாலும் இந்தக் குறையைச் சொல்லாமல் விட முடியாது.

காரணம் இடம்மாறிய நாவல்

காரணத்தைச் சொல்லாமல் விடுவதில் ஓர் ஆபத்து என்றால், பிழையான காரணத்தைச் சொல்வதில் அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவில், அப்போதைய தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழவெண்மணியில், குடிசைக்குள் ஒளிந்த தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டும் செங்கொடிச் சங்கத்தை விட மறுத்தும் நின்றதுதான் அவர்கள் செய்தது. எதிரே நின்றது நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் மிராசுதார்கள்.

இந்த நிகழ்ச்சியின் அடிப்படையில் இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1975-ல் வந்து, 1977-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாவலின் நிலப்பிரபு கண்ணையா நாயுடு ஆண்மைக் குறைபாடு உள்ளவராகக் காட்டப்படுகிறார். அந்த உள்காயமும் அவர் கொடுமைக்கு ஊற்றாக வருகிறது. இடதுசாரி விமர்சகர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கூலிக்கும் சாதிக்கும் நிலத்துக்கும் நடந்த போரை ஒரு மனிதனின் படுக்கையறைச் சிக்கலாகச் சுருக்கலாமா என்று கேட்டார்கள். நாவலாசிரியர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆதிக்கம் ஒருவனுடைய உடலுக்குள் எப்படிக் குடியிருக்கிறது என்று பார்ப்பது நாவலுக்குரிய வேலைதான். ஆனாலும் எதிர்த்தவர்கள் பக்கமே நான் நிற்கிறேன். மிராசுதாரின் குறைபாடு நீங்கியிருந்தால் வெண்மணி எரிந்திருக்காதா? எரிந்திருக்கும். அப்படியானால் அந்தக் காரணம் கதைமாந்தரை விளக்குகிறதே தவிர நெருப்பை விளக்கவில்லை.

நாவல் வெளிவருவதற்கு முன்பே சென்னை உயர்நீதிமன்றம் தன் வாசிப்பை எழுதிவிட்டது. 1970-ல் கீழமை நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973-ல் அது விடுதலை செய்தது. தீர்ப்பில் இருந்த ஒரு தர்க்கம் இன்றும் நெஞ்சில் அறைகிறது: குற்றம்சாட்டப்பட்டவர்கள் பெரும் நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், அவர்களில் கார் வைத்திருப்பவரும் உண்டு, அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீவைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்ற பொருளில் அது எழுதப்பட்டது. இதுவும் ஒரு பாத்திர ஆய்வுதான். மிராசுதார் என்றால் எப்படி நடந்துகொள்வார் என்று ஒரு கதைமாந்தரை நீதிமன்றம் கற்பனை செய்துகொண்டது. அந்தக் கதைமாந்தருக்குப் பொருந்தாத செயலை நடக்காத செயலாகத் தீர்மானித்தது. பாத்திரத்தின் நோக்கத்தை எங்கே தேடுவது என்ற கேள்வி வகுப்பறையோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

திரை நிரப்பிய இடம்

‘வெக்கை’யை வெற்றிமாறன் ‘அசுரன்’ என்ற பெயரில் 2019-ல் படமாக்கினார். நாவல் ஊருக்குத் தெரியும் என்று விட்டுவைத்த காரணங்களைப் படம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தது. பஞ்சமி நிலம் வந்தது. செருப்புப் போட்டு நடந்ததற்காகப் பெண்ணுக்கு நேரும் அவமானம் வந்தது. வெண்மணியை நினைவூட்டும் குடிசை எரிப்பு தந்தையின் இளமைக் கதையாகச் சேர்ந்தது. கடைசியில் படிப்பை மட்டும் எவனும் பிடுங்க முடியாது என்ற அறிவுரையும் வந்தது.

நாவலின் அடக்கம் கெட்டுவிட்டது என்று குறைப்பட்டவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1982-ல் கரிசல் வாசகருக்குச் சொல்லாமலே விளங்கியது, 2019-ல் மாநகரத் திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு விளங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊர் மாறும்போது மௌனத்தின் பொருளும் மாறிவிடுகிறது. தெரிந்தவர் முன் பேசாதிருப்பது நெருக்கம். தெரியாதவர் முன் அதுவே மறைப்பாகிவிடும். அதனால் படம் பேசியது. அதற்கு விலையும் கொடுத்தது: நாவலில் தந்தையும் மகனும் பங்கிட்டுக்கொண்ட கதை, படத்தில் பெரும்பாலும் தந்தையின் வீரமாகியது. சாப்பாட்டுப் பேச்சு குறைந்தது, வெட்டு கூடியது. காரணத்தைத் தெளிவாக்கிய அதே கை, வன்முறையைக் கொண்டாட்டத்தின் பக்கமாகவும் கொண்டுபோனது.

காரணத்தைத் தெளிவாகச் சொன்னாலும் அது மன்னிப்பாகிவிடக் கூடாது. இதைக் கடுமையாகச் சொன்ன தமிழ் நாவல் ஷோபாசக்தியின் ‘ம்’ (2004). 1983 ஜூலையில் இலங்கையின் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட கொடூரத்தைக் கடந்து பிழைத்த ஒருவன், பின்னாளில் ஐரோப்பாவில் தன் மகளுக்கே கொடுமை செய்தவனாக நிற்கிறான். முதலாவது இரண்டாவதற்கு விளக்கமாகலாம் என்று நம்மைத் தூண்டிவிட்டு, அந்த விளக்கத்தை நாம் ஏற்கவே முடியாத இடத்தில் நாவல் நிறுத்துகிறது. வதைபட்டவன் வதைக்கும்போது, பட்டது அவனுக்குச் சலுகையாகாது.

வாசிப்பின் பொறுப்பு

சென்னைக்கு அருகே வண்டலூரில் வாழ்கிறவனாக இந்த நாவல்களைப் படிக்கும்போது நிலத்தைப் பற்றிய பகுதிகள் எனக்குத் தூரத்துச் செய்தியாக இல்லை. இங்கிருந்து ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வரை ஏரியும் வயலும் மனைகளாக மாறியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இருக்கிறது. 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து கோவில்பட்டி வழியாகப் போகும் பேருந்துகளில், கரிசலை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் போகிறார்கள். ‘வெக்கை’யின் மௌனம் அவர்களுடைய பாட்டன் பாட்டிக்குப் புரிந்த மௌனம். அவர்களுக்கு அதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. விமர்சனத்தின் வேலை அதுதான்.

அந்த வேலைக்கு மூன்று கேள்விகள் போதும் என்று எனக்குப் படுகிறது. கொலை நடக்கும் வாக்கியத்தில் எழுவாய் யார்: ஒருவனா, ஒரு கூட்டமா, யாருமே இல்லையா? கொலைக்கு முன்பும் பின்பும் பணமும் நிலமும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகின்றன? கொல்லப்பட்டவர்களுக்கு நாவலில் பேச்சு உண்டா? இந்தக் கேள்விகளை ‘பிளட் மெரிடியனி’டம் கேட்டால், நீதிபதியின் தத்துவ முழக்கத்துக்குக் கீழே ஆளுநரின் ஒப்பந்தம் தெரிய ஆரம்பிக்கும். ‘குருதிப்புன’லிடம் கேட்டால், மிராசுதாரின் மனக்காயத்துக்கு அப்பால் கூலிப் படியின் அளவு தெரியும். ‘வெக்கை’யிடம் கேட்டால், ஒரு பதினைந்து வயதுப் பையனின் அரிவாளுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலமும், நடவடிக்கை எடுக்காத ஒரு காவல் நிலையமும் தெரியும்.

மெக்கார்த்தியின் நாவலைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. கொடூரத்தை அழகாக எழுதுவது தவறு என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அழகாக எழுதப்பட்டதால்தான் நாம் கண்ணை மூடிக்கொள்ளாமல் கடைசிவரை பார்க்கிறோம். பார்த்தபின் நமக்கு ஒரு கடமை மிஞ்சுகிறது: வன்முறை மனித இயல்பு என்று பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடாமல், இந்தக் குறிப்பிட்ட கொலையை இந்தக் குறிப்பிட்ட ஆட்கள் எதற்காகச் செய்தார்கள் என்று கேட்பது. மனித இயல்பு என்று சொல்லிவிட்டால் வெண்மணிக்கும் யாரும் பொறுப்பில்லை, சிவாவாவுக்கும் யாரும் பொறுப்பில்லை. சிதம்பரம் மட்டும் தான் செய்ததற்குப் பொறுப்பேற்று நீதிமன்றத்துக்குப் போகிறான். அவன் குடும்பத்துக்குக் கொடுமை செய்தவர்கள் ஒருநாளும் அந்தப் படி ஏறவில்லை. எளியவன் மட்டுமே தன் வன்முறைக்குப் பெயர் சொல்லிப் பதிலளிக்க வேண்டியிருக்கும் சமூகத்தில், வலியவனின் வன்முறைக்கும் பெயரும் காரணமும் கண்டு சொல்வதுதான் வாசகர் செய்யக்கூடிய நீதி.